முத்துக்குழி கொரேரா

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் எழுதுவதென்று முடிவு. கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்த காலமெல்லாம் அடுத்தவன் சரக்கைப் பற்றியே எழுதித் தொலைத்தேன். ஓய்வு பெற்ற பிறகாவது என் சரக்கைப் பற்றி எழுதலாம். இந்த டைரியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கப் போகிறேன். என் மனைவி ரெஜினா அங்கே கை விடமாட்டாள். கரப்பான் பயம்.

விஷயம் இதுதான். எங்கள் தூத்துக்குடியில், பீச் ரோட்டுக்குப் பின்சந்தில், வெள்ளைக்காரன் காலத்து ஃப்ரீமேசன் கூடம் ஒன்று இருக்கிறது. கதவின் மேல் கவராயமும் மூலைமட்டமும் செதுக்கியிருக்கும். ஜன்னல்கள் சாத்தியே கிடக்கும். உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள்தான் உறுப்பினர்கள். அவர்கள் சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? உள்ளே தலை வெட்டுவதாகக் கதை கட்டி, ‘தலைவெட்டிக் கோயில்’ என்று பெயர் வைத்துவிட்டது. அதற்குள் ஒரு குழி, குழிக்குள் ஒரு பெட்டி, பெட்டி நிறைய முத்து. முத்துக்குளிப்பில் கிடைத்ததைக் கணக்கில் காட்டாமல் ஒரு துரை அங்கே புதைத்தான், அவனும் அந்தச் சங்கத்து ஆள்தான் என்று பேச்சு.

மற்றவர்களுக்கு அது கதை. எங்கள் குடும்பத்துக்கு அது சாட்சியம். என் பூட்டன் சந்தியாகு கொரேரா அங்கே பட்லராக இருந்தவர். அடுப்படிக் கதவின் ஓட்டை வழியாகத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். மூன்று துரைமார் பிக்காசு, கடப்பாரை, மண்வெட்டியோடு வந்து தரையைத் திறந்தார்கள். ஒருவனைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அவன் கையில் தங்கம் மினுங்க மேலே வந்தான். இதைச் சாகும்வரை சொன்னார். ஊர் சிரித்தது. முத்துக்குழி என்று பட்டம் கட்டியது. அவருக்குப் பிறகு அவர் மகன் முத்துக்குழி, பேரன் முத்துக்குழி, இப்போது நான் முத்துக்குழி பெலிக்ஸ். நேற்று வந்த புதுத் தபால்காரர்கூட “முத்துக்குழி வீடு இதானே?” என்கிறார்.

வருகிற வருஷம் என் பேரன் பள்ளிக்கூடம் சேருவான். இந்தப் பட்டம் அவனோடும் போகக்கூடாது. என் பூட்டன் பொய்யர் இல்லை என்று நான் கண்மூடுவதற்குள் காட்டியாக வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் மாதா கோயிலில் பூசை. நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் வழக்கம்போல ரெஜினா முன்னால், நான் பின்னால். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வரிசைதான். வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாள். நான் நின்றுகொண்டே தூங்குகிறேனா என்று பார்க்கத்தான்.

மத்தியானம் குற்றாலிங்கம் அண்ணாச்சி சாப்பிட வந்தார். பஞ்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் பெங்களூரில். பீச் ரோட்டில் சாயங்காலம் நடக்கப்போய்ப் பழக்கம். சைவப் பிள்ளைமார் என்பதால் ரெஜினா அவருக்கென்று மீன்வாடை படாத தனிச் சட்டி, தனிக் கரண்டி வாங்கி வைத்திருக்கிறாள். தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைக்கவும் கற்றுக்கொண்டாள். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாள் சொதி வைத்ததுண்டா?

அண்ணாச்சி அந்தக் கூடத்தில் உறுப்பினர். அதற்காக மட்டும்தான் நான் அவரோடு பழகுகிறேன். தினமும் அவர் வாசலில் போய் நின்று கூப்பிடுவதும், மழையென்றால் எனக்கொரு குடை அவருக்கொரு குடை எடுத்துப் போவதும் அதற்காகத்தான்.

சாப்பிடும்போது பேச்சு முத்தில் வந்து நின்றது. ரெஜினா பிடித்துக்கொண்டாள்.

“கண்ணுல காணாத முத்துக்கு இந்தப் பாடு படுதீய. எங்கம்மா போட்ட முத்துத் தோட்டுல ஒண்ணத் தொலச்சீயளே, அத ஒரு நாளாவது தேடுனீயளா?”

ஆசாரியிடம் கொண்டுபோகும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது. கல்யாணமான புதிதில் நடந்த சங்கதி. மிச்சமிருக்கும் ஒற்றைத் தோட்டைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு இன்னமும் என்னை வறுக்கிறாள். அண்ணாச்சி எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

கேட்டேவிட்டேன்.

“அண்ணாச்சி, உங்க கூடத்துல நான் சேரலாமா?”

நின்றுவிட்டார். “நாங்க யாரையும் வாங்கன்னு கூப்பிட மாட்டோம் வே. கேட்டவனுக்குத்தான் கதவு. நீரா கேக்கீரு?”

“நானாத்தான் கேக்கேன்.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஏழு பேர் இருந்தால்தான் கூடம் திறக்க முடியுமாம். இப்போது சரியாக ஏழு பேர்தான். அதில் டாக்டர் ஞானையா இந்த ஜூலை கடைசியில் மகனோடு கனடா போகிறார். அதன்பிறகு ஆள் குறைந்தால், அனுமதிப் பத்திரத்தை மேலிடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டுப் பூட்ட வேண்டியதுதானாம்.

“அவ போனபெறகு வீட்டுல பேச்சுச் சத்தமே கெடையாது பெலிக்ஸ். அங்க போனாத்தான் நாலு பேரு என் பேரச் சொல்லிக் கூப்பிடுதான்,” என்றார். பிறகு, “உம்ம சபையில இது ஆகாதே? சேந்தா நற்கருணை கெடையாதும்பாகளே?” என்றார்.

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

என் திட்டம் சுத்தமானது. சேர வேண்டியது, குழியைக் கண்டுபிடிக்க வேண்டியது, ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டியது, விலகிவிட வேண்டியது. முகம் தெரியாத சாமியார் யாரிடமாவது பாவசங்கீர்த்தனம் செய்து கழுவிவிடலாம். நடுவில் சில மாதம் வரிசையில் நிற்க முடியாது. ரெஜினாவிடம் வயிற்றுவலி என்று சொல்லலாம். ஞாயிறுக்கு ஞாயிறு வயிற்றுவலியா என்பாள். யோசிக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

டைரியை டிரம்முக்கு இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம் கிடக்கிறது. எலியாக இருக்கும்.

ஜூன் 21, சனி

உறுப்பினர்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்று டீக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டேன். தலைவெட்டுகிற இடமில்லையா!

ஏழு கிழவர்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம்போட்ட தரை. ராஜா உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலி, அதில் டாக்டர் ஞானையா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஃப்யூஸ் போன பல்பை யார் மாற்றுவது என்று சண்டை. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குத் தலைசுற்று. கடைசியில் ஏணியில் ஏறியவன் நான். பல்பு எரிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டர் விழித்துக்கொண்டு அவரும் தட்டினார். எதற்கென்று பிறகு கேட்டுக்கொண்டார். மக்ரூன் வாங்கி வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள் என்றெல்லாம் எழுத மாட்டேன். நான் வந்த காரியம் வேறு.

ஏணியை நகர்த்தும்போது கம்பளத்தின் நடுவில் கால் வைத்தேன். டொக் என்றது. கீழே வெற்றிடம்! குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலத் தடவினேன். கம்பளத்துக்கு அடியில் ஓர் இரும்பு வளையம். பூட்டா, நீர் பொய் சொல்லவில்லை!

ஜூன் 29, ஞாயிறு

இவர்களுக்கு ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. புதிதாகச் சேருகிறவன் வீட்டுக்கே வந்து, பெண்டாட்டிக்குச் சம்மதமா என்று நேரில் கேட்பார்களாம். அண்ணாச்சியும் டாக்டரும் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நான் ரெஜினாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “ஒங்க வீட்டுக்காரரு எங்க கூடத்துல சேரணும்னு ஆசப்படுதாரு. ஒங்களுக்குச் சம்மதந்தானாம்மா?”

கொரேரா குலமே அன்று அழிந்தது என்று நினைத்தேன். ரெஜினா கத்தவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. “அவுக இஷ்டம்,” என்றாள். காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். டாக்டர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

அண்ணாச்சி டம்ளரைக் கொடுக்க அடுப்படிக்குப் போனவர் திரும்பி வர நேரமாயிற்று. சொதிக்குப் பக்குவம் கேட்டிருப்பார்.

அவர்கள் போனதும் ரெஜினா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் நற்கருணை வாங்கிட்டுத் திரும்பிப் பாக்கும்போது நீங்க பெஞ்சில உக்காந்திருந்தா, அத எப்படிங்க நான் பாப்பேன்?”

“கொஞ்ச நாளுக்குத்தான்டி. பூட்டனுக்காக.”

“பூட்டன் செத்து எத்தன காலமாச்சு. நான் உசுரோட இருக்கேன்லா?”

பூட்டன் ஒரு கையைப் பிடித்து இழுக்கிறார், இவள் ஒரு கையை இழுக்கிறாள். நான் என்ன செய்வேன்?

ஜூலை 6, ஞாயிறு

நான்கு நாளாக மீன்குழம்பில் உப்பு இல்லை. கேட்டால், “அந்தக் குழிக்குள்ள இருக்கும், தோண்டி எடுத்துப் போட்டுக்கிடுங்க,” என்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

இன்று ஓட்டெடுப்பு. ஒரு மரப்பெட்டிக்குள் ஒவ்வொருவராகக் கையை விட்டு ஓர் உருண்டை போடுவார்கள். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் இல்லை. யார் எதைப் போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியேதான். எனக்கென்ன, நான் இல்லாவிட்டால் கூடமே இல்லை, எவன் கறுப்புப் போடுவான் என்று வராந்தாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். “மன்னிக்கணும் தம்பி. ஒண்ணு கறுப்பு,” என்றார். அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

எல்லாரும் தலைகுனிந்து போனார்கள். அண்ணாச்சி கடைசியாக வந்தார், செருப்பை மாட்டினார், என்னைப் பார்க்காமல் போனார். வெட்கமாக இருந்திருக்கும், பாவம். நண்பனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று.

ஜூலை 19, சனி

எந்தச் சண்டாளன் போட்டான்? பல்பு மாற்றும்போது ஏணியைப் பிடிக்காமல் வேடிக்கை பார்த்த மூட்டுவலிக்காரனாகத்தான் இருக்கும். கையில் கிடைத்தால் இன்னொரு மூட்டுக்கும் வலி வர வைப்பேன்.

அண்ணாச்சி நடக்க வரவில்லை. கதவைத் தட்டினேன், தலைவலி என்றார்.

குழம்பில் உப்பு வந்துவிட்டது.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். நல்ல கூட்டம். ரெஜினா புதுச் சேலை கட்டியிருந்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை, சொன்னால் இன்னொன்று கேட்பாள்.

ஜூலை 27, ஞாயிறு

நற்கருணை வரிசையில் ரெஜினா முன்னால், நான் பின்னால். வாங்கிவிட்டுத் திரும்பினாள், என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை பார்த்துவிட்டு நகராமல் நின்றாள். பின்னால் இருந்த ஆள் இடித்த பிறகுதான் போனாள். எனக்குக் கண் எரிந்தது. தூபப் புகையாக இருக்கும் என்று எழுத நினைத்தேன். இல்லை, அழுதேன். இவளை விட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் உட்காரத் துணிந்தேனே, நானெல்லாம் ஒரு மனுஷன்.

மத்தியானம் சொதி ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வரவில்லை. “போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க,” என்றாள். போனேன். டாக்டர் கனடா போய்விட்டாராம். பத்திரத்தை அனுப்பியாயிற்றாம். கட்டடத்தைப் பக்கத்துச் சின்னப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறார்களாம். இதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னார். வேட்டி கசங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

“சாப்பாடு ஆறுது அண்ணாச்சி.”

“உமக்கு எம்மேல கோவம் இல்லியா வே?”

“உங்க மேல எனக்கென்ன கோவம்?”

வந்தார். வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டார். ரெஜினா அவர் இலையில் இரண்டாம் முறை கேட்காமலே ஊற்றினாள்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் அண்ணாச்சி ஒரு சாவியோடு வந்தார். “வாரும் வே. இனிமே அது வெறும் கட்டடந்தான்.”

கம்பளத்தைச் சுருட்டினோம். வளையத்தைப் பிடித்து இருவரும் இழுத்தோம். பலகை திறந்தது. குழி! பூட்டன் சொன்ன அதே குழி. கயிறு கட்டித்தான் இறங்குவேன் என்றேன்.

“எதுக்கு வே? உம்ம நெஞ்சு உசரந்தான இருக்கு?”

“எம்பூட்டன் கயிறுன்னு சொல்லியிருக்காரு.”

கட்டிவிட்டார். இறங்கினேன். செங்கல் கட்டிய சின்ன அறை. மூலையில் பிக்காசு, கடப்பாரை, மண்வெட்டி. தூக்கினால் மூன்றும் மரம், இரும்புச் சாயம் பூசியது. ஒரு பெட்டி. திறந்தேன். உள்ளே ஒரு தகடு, கில்ட் பூச்சு உரிந்து செம்பு தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. ஒரு முத்தும் இல்லை.

“என்ன அண்ணாச்சி இது?”

குழி விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். “நாடகம் வே. இடிஞ்ச கோயில் ஒண்ண மூணு பேரு திரும்பக் கட்டப் போறான். மண்ணு தோண்டுதான். கீழ ஒளிஞ்ச அறை ஒண்ணு தட்டுப்படுது. ஒருத்தன் கயித்துல இறங்கித் தங்கத் தகட்ட எடுத்துட்டு வாரான். ஒரு படி மேல ஏறுத உறுப்பினருக்கெல்லாம் இத நடிச்சுக் காட்டுவோம். உம்ம பூட்டன் ஓட்ட வழியாப் பாத்தது இதத்தான்.”

“அப்ப அவரு பொய் சொல்லல.”

“ஒரு சொல்லுகூடப் பொய்யில்ல. பாத்தத பாத்தபடி சொல்லிருக்காரு. முத்த ஊருதான் சேத்துக்கிட்டுது.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “நூறு வருஷமா எங்களப் பாத்து ஊரு சிரிக்குது. அது நாடகம்னு ஒரு வார்த்த, ஒரே வார்த்த, உங்காளு எவனாவது சொல்லிருக்கக் கூடாதா?”

“சத்தியம் வே. அந்த நாடகத்த வெளிய சொல்ல மாட்டோம்னு சத்தியம். உம்ம வீட்டுக்கு நாங்க செஞ்சது அநியாயந்தான். அதான் உம்ம ஒருத்தருகிட்ட மட்டும் சொல்லுதேன். கூடம் மூடியாச்சு, என் சத்தியம் மூடல. வெளிய சொல்லிராதீரு.”

குழிக்குள் நின்று சிரித்தேன், அழுதேன். பூட்டன் பொய்யர் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதை ஒருவரிடமும் சொல்ல வழியில்லை.

“கறுப்பு உருண்டையப் போட்டது யாரு அண்ணாச்சி?”

“அதுவும் சத்தியந்தான்,” என்று கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரெஜினாவிடம் சொன்னேன். பெண்டாட்டி வெளியாள் இல்லை. எப்படியும் இவள்தான் இந்த டைரியின் எலி.

கேட்டுவிட்டுச் சொன்னாள். “அன்னைக்கு டம்ளரக் கொடுக்க அடுப்படிக்கு வந்தாகல்லா, நான் அழுதுகிட்டு நின்னேன். வெங்காயம்னு சொன்னேன். வெங்காயம் எங்கன்னு தேடிப் பாத்தாக, இல்ல. அப்ப சொன்னாக: ‘தாயி, மாதா கோயில் வரிசையில உனக்குப் பின்னால நிக்க வேண்டிய ஆள நான் எடுத்துக்கிட மாட்டேன். நீ அழாத.’ அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு நான் ஒண்ணும் கேக்கல.”

ஏழாவது ஆள் நான்தான். நான் இல்லாவிட்டால் கூடம் மூடப்படும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தன் பேரைச் சொல்லிக் கூப்பிட இருந்த ஒரே இடத்தைத் தன் கையால் பூட்டிக்கொண்டாரே! நானோ மூட்டுவலிக்காரரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

அவரோடு குழிக்காகத்தான் பழகுகிறேன் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். ரெஜினா முந்திக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பென்சிலால் ‘அண்டப்புளுகு’ என்று எழுதியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பிள்ளைகள் விழுந்துவிடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தார் குழியைக் கான்கிரீட் போட்டு மூடப்போகிறார்கள். கொத்தனார் மத்தியானம் வருவதாகப் பேச்சு. ரெஜினா காலையிலேயே பவுடர் டப்பாவைத் திறந்தாள். ஒற்றை முத்துத் தோட்டை எடுத்து முந்தியில் முடிந்தாள்.

“கெளம்புங்க.”

“எங்கடி?”

“பூட்டன் பாத்தது நெசந்தான்னு ஊருல சொல்லக் கூடாது. சொல்லாண்டாம். நெசமாக்கிருவோம்.”

கூடத்து வாசலில் நின்று அண்ணாச்சியைக் கேட்டாள். “இதுக்குள்ள பொம்பளைக வரக்கூடாதாமே?”

“ஆண்டவன் சத்தியமா இதுவரைக்கும் வந்ததில்ல தாயி,” என்றார் அண்ணாச்சி. “நீ வா.”

குழி ஓரத்தில் குந்தினாள். அம்மா போட்ட தோடு. ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நீங்க சும்மா இருங்க. இன்னொண்ணத் தொலச்சது நீங்க. இது எங்கயிருக்குன்னாவது எனக்குத் தெரியும்.”

நானே குழிக்குள் இறங்கி, பெட்டியைத் திறந்து, தகட்டின் மேல் வைத்தேன். இந்தத் தடவை கயிறு கேட்கவில்லை. மேலே அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கொத்தனார் சொன்னதைவிடத் தாமதமாகத்தான் வந்தார், கொத்தனார் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தார்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. பூசை முடிந்து, ரெஜினா வளையல் கடையில் நிற்க, நானும் அண்ணாச்சியும் டீ குடிக்கப் போனோம். கடையில் நல்ல கூட்டம். ஐஸ் கம்பெனி ராயப்பன் என்னைக் கண்டதும் ஆரம்பித்தான்.

“வாங்க முத்துக்குழி! சொல்லுங்க பாப்போம், அந்தக் குழியில முத்து இருக்கா, இல்லியா?”

இப்படிக் கேட்டவன் சட்டையை ஒரு காலத்தில் பிடித்திருக்கிறேன். இன்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னேன். “இருக்குலே.”

“கண்ணால பாத்தீயளோ?”

“பாத்தேன்.”

கடை முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சிக்கு மட்டும் டீ புரையேறிவிட்டது. முதுகில் தட்டிக் கொடுத்தேன்.